கை ஓங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு

"அக்கா, குன்னூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையின் மனநல வார்டில் வேலை பார்க்கிறேன். போன வாரம் நைட் டியூட்டியில் ஒரு நோயாளி என் கன்னத்தில் அறைந்துவிட்டார். காதுக்குள் இன்னும் இரைச்சல் இருக்கிறது. எங்கள் பதினொரு பேருக்கும் இரண்டு நாள் பயிற்சி வைக்கப்போகிறார்களாம். நோயாளியைப் பிடிக்கும் முறை, கட்டும் முறை சொல்லித் தருவார்களாம். அதனால் பயன் உண்டா? வேறு மாதிரி பயிற்சி கேட்பதென்றால் என்ன கேட்பது? அந்த நோயாளி இன்னும் வார்டில்தான் இருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்கவே தயக்கமாக இருக்கிறது." இளம் செவிலியர் ஒருவர் கேட்டது இது.

தங்கச்சி, முதலில் காதைப் பார்ப்போம். ஒரு வாரமாக இரைச்சல் என்றால் செவிப்பறை கிழிந்திருக்க வாய்ப்பு உண்டு. நாளைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை காதில் தண்ணீர் போக விடாதீர்கள், யார் சொன்னாலும் எண்ணெய் ஊற்றாதீர்கள். காட்டும்போது "டியூட்டியில் இருந்தபோது அடிபட்டது" என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வார்டிலும் தேதி, நேரம், நடந்தது என்று எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு நோயாளி என் கையைத் திருகியதில் மணிக்கட்டு வீங்கிப்போனது. மூத்த சிஸ்டர் ஒருவர் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, "மனநல வார்டுன்னா நாலு அடி வாங்கத்தாம்மா வேணும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நானும் பல வருடம் அதையே நம்பி, எனக்குப் பின்னால் வந்த பெண்களிடமும் அதையே சொன்னேன். அதற்காக இன்றைக்கும் வருந்துகிறேன். அடி வாங்குவது வேலையின் ஒரு பகுதி என்று நாமே ஒப்புக்கொண்டுவிட்டால், அடி ஏன் விழுந்தது என்று யாரும் தேட மாட்டார்கள். எழுதப்படாத அடி நடக்காத அடியாகவே போய்விடும்.

போலீஸுக்குப் போக வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. செவிலியரும் அதில் அடக்கம். குடித்துவிட்டு வந்து கேசுவாலிட்டியில் கை நீட்டும் உறவினர் என்றால் தயங்காமல் புகார் கொடுங்கள். நோயின் உச்சத்தில், யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்ற பயத்தில் கையை வீசியவர் மீது வழக்குப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் வழக்கு வேண்டாம் என்பதும் பதிவு வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. பதிவு எப்போதும் வேண்டும்.

இப்போது பயிற்சிக்கு வருவோம். இரண்டு நாள் வகுப்பு மட்டும் என்றால் பெரிய பயன் இருக்காது. மருத்துவப் பணியாளர்களுக்கு இப்படிக் கொடுத்த பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கோக்ரேன் என்ற சர்வதேசக் குழு 2020-இல் திரட்டிப் பார்த்தது. பயிற்சி பெற்றவர்களுக்கு அறிவு கூடுகிறது, மனப்போக்கும் மாறுகிறது. ஆனால் வன்முறைச் சம்பவங்கள் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. பயிற்சியே வீண் என்று இதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. வகுப்பறையில் கற்றுக்கொண்டவர் பழைய வார்டுக்கே, பழைய நடைமுறைக்கே திரும்பிப் போகிறார். வார்டு மாறாமல் நர்ஸை மட்டும் மாற்றினால் அவ்வளவுதான் கிடைக்கும். அதிலும் பிடிப்பதையும் கட்டுவதையும் மட்டும் சொல்லிக் கொடுத்தால், பிடிக்கத் தெரிந்த கை பிடிக்கத்தான் தேடும். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தோம்.

பயிற்சி தொடங்க வேண்டிய இடம், கை ஓங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு. அந்த அரை மணி நேரத்தில் ஏதோ ஒன்று கண்ணில் படத்தான் செய்யும். அதைப் பார்ப்பதற்கு நார்வேயில் உருவான ப்ரோசெட் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. நான் கண்ட கருவிகளிலேயே எளிமையானது அதுதான். பார்க்க வேண்டியவை ஆறே ஆறு. ஆள் குழம்பியிருக்கிறாரா, சிடுசிடுப்பாக இருக்கிறாரா, கதவைப் படாரென்று சாத்துவது, சத்தம் போடுவது என்று ஆரவாரமாக இருக்கிறாரா, வாயால் மிரட்டுகிறாரா, உடம்பால் மிரட்டும் தோரணை காட்டுகிறாரா, பொருள்களைத் தாக்குகிறாரா. வழக்கமாக அவரிடம் இல்லாத ஒன்று இன்று இருந்தால் ஒரு மதிப்பெண். எதுவும் இல்லையென்றால் அபாயம் குறைவு. ஒன்றிரண்டு என்றால் கண் வைத்திருக்க வேண்டும். மூன்றோ அதற்கு மேலோ போனால் அடுத்த 24 மணி நேரத்துக்குள் வெடிக்கக்கூடும், இப்போதே ஏதாவது செய்தாக வேண்டும். ஒரு நோயாளிக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பி.பி. பார்த்து எழுதுவதுபோல ஒவ்வொரு ஷிப்டிலும் எழுதி, ஹேண்ட்ஓவரில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "மூணாம் பெட் ரெண்டு மார்க் சிஸ்டர், மத்தியானம் சைபர்" என்று சொன்னாலே நைட் டியூட்டிக்கு வருபவர் யாரை முதலில் பார்த்துப் பேச வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.

அறிகுறி தெரிந்துவிட்டது. அதன் காரணம்? பல வருடம் சம்பவக் குறிப்புகளைப் புரட்டியதில் எனக்குத் தெரிந்தது இதுதான்: பெரும்பாலும் அடிக்கு முன்னால் ஓர் "இல்லை" இருக்கிறது. வீட்டுக்குப் போகலாமா, இல்லை. ஒரு போன் பண்ணிக்கிறேன், முடியாது. பீடி, கிடையாது. டாக்டர் எப்போ வருவார், தெரியாது. கதவு பூட்டியிருக்கிறது, காத்திருக்கச் சொல்கிறார்கள், காரணம் சொல்வதில்லை. இங்கிலாந்தில் லென் போவர்ஸ் என்ற மனநலச் செவிலியப் பேராசிரியர் இப்படித் தீப்பொறி பறக்கும் இடங்களைத்தான் ஆராய்ந்து, சேஃப்வார்ட்ஸ் என்ற முறையை வகுத்தார். பத்து சின்னச் சின்ன மாற்றங்கள், அவ்வளவுதான். மறுக்கும்போது மென்மையான சொல், கெட்ட செய்தி வரப்போகிறதென்றால் முன்பே பக்கத்தில் இருந்து தாங்கிப்பிடித்தல், நர்ஸும் நோயாளியும் ஒருவரையொருவர் கொஞ்சம் தெரிந்துகொள்ளுதல், இப்படி. 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில் நடத்திய சோதனையின் முடிவு 2015-இல் வெளியானது. மோதல் 15 சதவீதமும், கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள் 26 சதவீதமும் குறைந்தன. யாரும் யாரையும் பிடிக்கக் கற்றுக்கொண்டதால் கிடைத்த பலன் அல்ல இது.

நம் மலைக்கு வந்தால் அந்த "இல்லை"களுக்கு வேறு முகமும் இருக்கிறது. கொழுந்து நன்றாக வரும் மாதத்தில் எஸ்டேட்டிலிருந்து அட்மிட் ஆன அம்மாவுக்கு, வார்டில் கழியும் ஒவ்வொரு நாளும் போன கூலி. ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, வந்தவருக்குப் பால் கறக்க ஆளில்லாத மாடு கண்ணுக்குள் நிற்கும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் ஒரே கம்பளியோடு படுக்க வைத்தால் யாருக்கும் தூக்கம் வராது. தூக்கமில்லாத இரவு, மேனியா என்ற கட்டுக்கடங்காத பரபரப்பில் இருக்கும் நோயாளிக்கு எரிகிற அடுப்பில் விறகு வைப்பது மாதிரி. ஒருமுறை இரவு பதினொரு மணிக்கு ஒருவர் கதவை உதைத்துக்கொண்டே இருந்தார். ஊசி எடுத்து வரப் போனார்கள். நான் போய் என்ன வேண்டும் என்று கேட்டேன். "காலு வெறைக்குதுங்க" என்றார். சாக்ஸ் கொண்டுவந்து கொடுத்தோம். உதைப்பது நின்றுவிட்டது. எல்லா இரவும் சாக்ஸோடு முடிந்துவிடாது, தெரியும். ஆனால் கேட்காமல் ஊசி எடுக்கக்கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

மொழியையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊட்டியிலும் கோத்தகிரியிலும் படுக மொழி, கூடலூர், பந்தலூரில் மலையாளம், பணியர், காட்டுநாயக்கர் பேச்சு, எல்லையோரம் கன்னடம். ஆவேசத்தில் இருக்கும் மனிதருக்குக் கற்ற மொழி மறந்து பெற்ற மொழிதான் வரும். நீங்கள் தமிழில் கேட்பதற்கு அவர் பதில் சொல்லாமல் நின்றால் அதை முறைப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வார்டில் யாருக்கு எந்த மொழி வரும் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். துப்புரவுப் பணியாளர் அக்காவுக்குத்தான் அந்த மொழி தெரியும் என்றால் அன்றைக்கு அவர்தான் பேச வேண்டும். அதனால்தான் பயிற்சியில் அவரும் இருக்க வேண்டும் என்கிறேன்.

பேச்சுக்குப் போகும் முன் உடம்பைப் பார்க்க வேண்டும். இதில் கண்டிப்பாக இருங்கள். திடீரென்று ஆவேசம் வந்தவர் எல்லாருக்கும் மனநோய்தான் காரணம் என்று கிடையாது. சர்க்கரை இறங்கியிருக்கலாம், காய்ச்சல் மூளைக்கு ஏறியிருக்கலாம், வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டிருக்கலாம், ஆக்ஸிஜன் குறைந்திருக்கலாம். நம் மலையில் அடிக்கடி பார்ப்பது குடி நிறுத்திய மூன்றாம் நாள். வேறு ஏதோ காரணத்துக்காக அட்மிட் ஆனவர், குடிப்பழக்கத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முதல் நாள் கை நடுக்கம், அடுத்த நாள் வலிப்பு வரலாம், இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், வேர்த்துக் கொட்டும், ஆள் தெரியாது. அவரைக் கட்டிப்போட்டு விட்டால் உயிரே போகலாம். அவருக்கு வேண்டியது மருத்துவம். குளுக்கோமீட்டர், தெர்மாமீட்டர், ஆக்ஸிமீட்டர் மூன்றும் ஒரே தட்டில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு, பல வார்டுகளில் தவறவிடுவது. ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்து போட்ட பிறகு சிலருக்கு உட்காரவே முடியாத ஒரு தவிப்பு வரும். காலை மாற்றி மாற்றி வைப்பார், வராந்தாவில் நடந்துகொண்டே இருப்பார், "உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது" என்பார். அகதீசியா என்று படித்திருப்பீர்கள். பார்ப்பதற்கு நோய் முற்றியது போலவே இருக்கும். அப்படி நினைத்து அதே ஊசியை இன்னொன்று போட்டால் தவிப்பு கூடும், கடைசியில் அடிதடியில் முடியும். இன்னும் சிலருக்குக் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், கண் மேலே செருகும். அதைப் பார்த்த நோயாளி அடுத்த ஊசிக்குக் கையைக் கொடுப்பாரா? அவர் போராடுவது பயத்தால். இவற்றை அடையாளம் கண்டு டாக்டரிடம் சொல்லத் தெரிந்த நர்ஸ், பத்து பிடிமுறை கற்ற நர்ஸைவிட வார்டைப் பாதுகாப்பாக வைத்திருப்பார்.

இப்போது பேச்சு. அமெரிக்க அவசர மனநல மருத்துவர்கள் 2012-இல் வெளியிட்ட ப்ராஜெக்ட் பீட்டா வழிகாட்டியில் பத்து அம்சங்கள் சொல்கிறார்கள். முழுதையும் ஒப்பிக்க வேண்டியதில்லை. நான் சொல்லிக் கொடுக்கும்போது அழுத்துவது இவற்றைத்தான்.

இரண்டு கை நீளம் தள்ளி நில்லுங்கள். நேருக்கு நேர் நெஞ்சை நிமிர்த்தாமல் கொஞ்சம் சாய்ந்தாற்போல், கைகள் அவருக்குத் தெரியும்படி. வெளியேறும் வழி உங்களுக்கும் இருக்க வேண்டும், அவருக்கும் இருக்க வேண்டும். வாசலை மறித்துக்கொண்டு "அமைதியா இருங்க" என்று சொல்வதைப் போலக் கோபமூட்டுவது வேறில்லை. ஒருவர் மட்டும் பேச வேண்டும். நம் வார்டுகளில் நடப்பதென்ன? சிஸ்டர் ஒன்று சொல்வார், அட்டெண்டர் ஒன்று சொல்வார், செக்யூரிட்டி அதட்டுவார், நோயாளியின் மாமா பின்னாலிருந்து திட்டுவார். ஏற்கனவே காதில் நான்கு குரல் கேட்கிறவருக்கு எட்டுக் குரலானால் என்ன ஆகும்? பேசுபவர் யார் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அதட்டும் மாமாவை டீ குடிக்க அழைத்துப் போக ஒருவர்.

வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். "அண்ணா, நான் இந்த வார்டு சிஸ்டருங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆக விடமாட்டேன். என்ன வேணும், சொல்லுங்க." பிறகு நிறுத்துங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். கொந்தளிப்பில் இருக்கும் மூளைக்கு ஒரு வாக்கியம் உள்ளே போக நேரமாகும், நாம் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. அவர் சொன்னதில் எதை ஒப்புக்கொள்ள முடியுமோ அதை ஒப்புக்கொள்ளுங்கள். "மூணு மணி நேரமா டாக்டர் வரலைன்னா யாருக்கும் கோவம் வரத்தாங்க செய்யும்." டீயில் விஷம் கலந்திருக்கிறது என்றால் இல்லை என்று வாதாட வேண்டாம், ஆமாம் என்று பொய்யும் வேண்டாம். "உங்களுக்கு அப்படித் தோணுது, பயமா இருக்குது, புரியுதுங்க. தண்ணி நீங்களே குழாயில புடிச்சுக்கிறீங்களா?" கடைசி வார்த்தைதான் முக்கியம். ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர் கையில் வருகிறது. மாத்திரையா ஊசியா, இங்கே உட்காரலாமா வராந்தாவிலா, அக்காவுக்கு இப்போது போன் பண்ணலாமா சாப்பிட்டுவிட்டா. எல்லையையும் சொல்ல வேண்டும், மிரட்டலாக இல்லாமல். "சத்தம் போடுங்க, கேட்டுக்கிறேன். அந்த ஸ்டூலை மட்டும் கீழ வெச்சிருங்க. அது கையில இருந்தா எனக்குப் பயமா இருக்குதுங்க, பேச முடியல." பயமாக இருக்கிறது என்று நர்ஸ் சொல்லலாமா என்று பயிற்சிகளில் கேட்பார்கள். சொல்லலாம். நடுங்கும் குரலில் வீரம் பேசுவதைவிட அது நம்பும்படி இருக்கும்.

ஐந்து நிமிடத்திலேயே பலருக்குத் தணிந்துவிடும். ஆனால் முதல் நிமிடத்தில் தணியவில்லை என்று விட்டுவிடுகிறோம். சொன்னதையே அதே குரலில் பலமுறை சொல்லும் பொறுமைதான் இதில் திறமை.

இதைத் தாளில் படித்தால் வராது, வாயால் பழக வேண்டும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு நாள் வகுப்பு அல்ல. ஓர் அரை நாள் அறிமுகம், அதன் பிறகு வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறும் நேரத்தில் இருபது நிமிடம், உங்கள் வார்டிலேயே, உங்கள் கட்டில்களுக்கு நடுவிலேயே ஒத்திகை. காலியாக இருக்கும் அறை ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒருவர் நோயாளியாக நடிக்க வேண்டும். எல்லாரும் முறை வைத்து நடிக்க வேண்டும், ஹெட் நர்ஸும் செக்யூரிட்டி அண்ணனும் உட்பட. நான்கு பேர் சூழ்ந்து நிற்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பது நடுவில் நின்று பார்த்தால்தான் தெரியும். எங்கள் ஒத்திகையில் ஆறடி உயர வார்டு பாய் ஒருவர் நடுவில் நின்றார். விளையாட்டாகத்தான் தொடங்கினார். முடிந்ததும் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் யாரையும் பின்னாலிருந்து பிடித்து நான் பார்த்ததில்லை. குணமாகி வீட்டில் இருக்கும் பழைய நோயாளி ஒருவர் விருப்பத்தோடு வந்து பேசினால் அதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஒத்திகையின்போதே வார்டையும் பாருங்கள். கதவு உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கமா? சாவி யாரிடம்? கரண்ட் போனால், மழைக்காலத்தில் இங்கே போகாத நாள் குறைவு, டார்ச் எங்கே? உதவிக்குக் கூப்பிடும் சொல் என்ன, அது பக்கத்து வார்டுக்குக் கேட்குமா? மூடுபனிக்குச் சன்னல் எல்லாம் அடைத்துவிட்டால் கத்தினாலும் வெளியே கேட்காது. ஒரு விசில் வாங்கிக்கொள்ளுங்கள். குளிருக்குச் சுற்றும் மஃப்ளர், தோளில் தொங்கும் ஷால், துப்பட்டா, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், இழுத்தால் அறுந்துவராத ஐ.டி. கார்டு கயிறு, எல்லாம் கழுத்தை இறுக்கக் கூடியவை. ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள், ஷாலை அறையில் வையுங்கள், தாலிச் சங்கிலியை உள்ளே விட்டுப் பின் குத்துங்கள். பையில் கத்தரிக்கோல் வேண்டாம். டீ காகிதக் கப்பில், ஆறிய சூட்டில் போகட்டும்.

உடம்பால் தப்பிக்கும் சில உத்திகளும் தெரிந்திருக்க வேண்டும். முடியைப் பிடித்தால் இழுத்துக்கொண்டு ஓடாமல், பிடித்த கையை உங்கள் இரண்டு கையாலும் தலையோடு சேர்த்து அழுத்திக்கொள்ள வேண்டும். கடித்தால் கையைப் பிடுங்கக் கூடாது, சதை கிழிந்துவிடும். இவற்றை எழுத்தில் படித்துச் செய்யாதீர்கள், தெரிந்தவர் பக்கத்தில் நின்று பழக்க வேண்டும். தப்பித்து விலகுவதற்குத்தான் இவை.

பிடிப்பதையும் கட்டுவதையும் பற்றி நீங்கள் கேட்டீர்கள். கற்றுக்கொள்ளத்தான் வேண்டும், கடைசிப் பாடமாக, சட்டத்தோடு சேர்த்து. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிப்போனார்கள். அது நம் தமிழ்நாட்டில் நடந்தது என்பதை எந்த மனநலச் செவிலியும் மறக்கக் கூடாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறையில் இருப்பது, சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. தனியறையில் அடைப்பதும் கூடாது. கட்டுவது பற்றி அதன் 97-ஆவது பிரிவு சொல்வதை வார்டில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்: அவருக்கோ பிறருக்கோ உடனடித் தீங்கு நேராமல் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான், சிகிச்சைக்குப் பொறுப்பான மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு ஒரு நிமிடமும் கூடாமல். தண்டனையாகக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காகக் கூடாது. எழுதி வைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது நோயாளியின் சார்பில் பேச நியமிக்கப்பட்டவருக்கு, தெரிவிக்க வேண்டும், மாதாமாதம் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை போக வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அந்த அனுமதியை எப்படிப் பெறுவது, யாருக்குப் போன் செய்வது, யார் எழுதுவது என்பதை இன்று பகலிலேயே உங்கள் டாக்டரிடம் கேட்டுத் தீர்மானித்துவிடுங்கள். நடுராத்திரியில் அதை யோசிக்க முடியாது.

பிடித்துத்தான் ஆக வேண்டும் என்றால், குப்புறப் படுக்க வைத்து முதுகில் அழுத்தாதீர்கள். மூச்சு நின்று இறந்தவர்கள் உண்டு. பிரிட்டனின் வழிகாட்டுதல், பத்து நிமிடத்துக்கு மேல் கையால் பிடித்து வைப்பதை வழக்கமாக்காதீர்கள் என்கிறது. ஒருவர் தலைமாட்டில் இருந்து முகத்தையும் மூச்சையும் மட்டும் பார்க்க வேண்டும், பேசிக்கொண்டே இருக்க வேண்டும். "மூச்சு விட முடியல" என்று அவர் சொன்னால் அந்த நொடியே கையை எடுங்கள், பாசாங்கா என்று யோசிக்காதீர்கள்.

ஊசி எது என்பது டாக்டரின் முடிவு. ஆனால் இதில் உலகமே எடுத்துக்காட்டும் ஆய்வுகள் நம் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தவை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2004-இல் வெளிவந்த ஆய்வில், ஆவேசத்தோடு வந்த 200 பேரில் லோரசபாமும், ஹாலோபெரிடாலோடு ப்ரோமெத்தசின் சேர்த்ததும் இரண்டுமே அமைதிப்படுத்தின, கூட்டு மருந்து விரைவாக. 2007-இல் 300 பேரிடம் ஓலன்சபினோடு ஒப்பிட்டபோது, ஓலன்சபின் போட்டவர்களில் அதிகம் பேருக்கு மறுபடி மருந்து தேவைப்பட்டது. நம் ஊர் நெருக்கடியில், நம் ஊர் நோயாளிகளிடம் செய்த வேலை அது. எந்த மருந்தானாலும் போட்ட பிறகு நாடி, பி.பி., மூச்சு, ஆக்ஸிஜன், நினைவு, எல்லாம் அடிக்கடி பார்த்து எழுதுவது நம் பொறுப்பு. தூங்கிவிட்டார் என்று நிம்மதியாக டீ குடிக்கப் போகிற நேரம்தான் ஆபத்தானது.

வார்டுக்கு வெளியே போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாவட்ட மனநலத் திட்டத்தில் ஊர் ஊராகப் போகும் செவிலியர் நம் மலையில் தனியாகப் போகக்கூடாது. லைன் வீடுகளில் கவாத்துக் கத்தி இல்லாத வீடு இருக்காது, அரிவாள் கதவோரம் சாய்த்திருக்கும். அது ஆயுதம் இல்லை, தொழில் கருவி. ஆனால் ஆவேசத்தில் கைக்கு அகப்படுவது அதுதான். வாசலில் நின்று பேசுங்கள், அடுப்படிப் பக்கம் போகாதீர்கள், ஜீப்பை இறங்கும் திசை பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள். 108 வண்டி கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வர வேண்டும். கூடலூர்ப் பக்கம் யானை நின்றால் அதுவும் கூடுதல் நேரம். மலையில் கூப்பிடு தூரம் என்பதே வேறு. அதனால் கூப்பிடுவதை முன்கூட்டியே செய்யுங்கள். வீட்டாருக்கு 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

சம்பவம் முடிந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் பயிற்சி நிற்கும் அல்லது விழும். உங்களை அறைந்த மறுநாள் "நீ அவர்கிட்ட என்ன சொன்னே?" என்று யாராவது முதல் கேள்வியாகக் கேட்டிருந்தால், உங்கள் வார்டில் இனி யாரும் எதையும் எழுத மாட்டார்கள். முதல் கேள்வி "அடி பலமா?" என்பதாக இருக்க வேண்டும். அன்றைய மீதி டியூட்டியை வேறொருவர் ஏற்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து எல்லாரும் உட்கார்ந்து, எந்த நேரத்தில் முதல் அறிகுறி தெரிந்தது, யார் பார்த்தார்கள், ஏன் சொல்லவில்லை என்று குற்றம் தேடாமல் பேச வேண்டும். மேலிடத்துக்கு ஒன்று முன்பே சொல்லிவையுங்கள்: பயிற்சி தொடங்கிய முதல் சில மாதம் பதிவான சம்பவங்கள் கூடும். அடி கூடியதால் அல்ல, எழுதத் தொடங்கியதால். அதைப் பார்த்துப் பயிற்சியை நிறுத்திவிடக் கூடாது. கட்டிய தடவைகளும் காயங்களும் குறைகின்றனவா என்று பாருங்கள்.

அந்த நோயாளியின் முகத்தைப் பார்க்கத் தயக்கம் என்றீர்கள். அது இயல்பு. சில நாள் அவருடைய பொறுப்பை வேறொரு சிஸ்டர் எடுத்துக்கொள்ளட்டும், கேளுங்கள், வெட்கம் வேண்டாம். அவர் தெளிந்த பிறகு, நீங்கள் தயாரானால், இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரோடு உட்காருங்கள். மன்னிப்பு வாங்குவதற்காக வேண்டாம். "அன்னைக்கு ராத்திரி உங்களுக்கு என்ன தோணுச்சு? நாங்க என்ன பண்ணியிருந்தா நல்லா இருந்திருக்கும்?" என்று கேளுங்கள். அடுத்த முறை நோய் வந்தால் தன்னை எப்படிக் கவனிக்க வேண்டும், எப்படிக் கவனிக்கக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையைச் சட்டம் அவருக்குக் கொடுத்திருக்கிறது. அவர் சொல்வதைக் கேஸ் ஷீட்டில் முதல் பக்கத்தில் எழுதுங்கள். நான் அப்படிக் கேட்டபோது ஒருவர் சொன்னார், "ராத்திரி டார்ச்ச நேரா மூஞ்சில அடிக்காதீங்க சிஸ்டர், எங்கப்பா குடிச்சுட்டு வந்து அப்படித்தான் எழுப்புவாரு." அதுவரை நாங்கள் எல்லாரும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தோம்.

காதைக் காட்டிவிட்டு, என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.